போய்விட்டு வருகிறேன்

(பாடசாலை நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோ டொக்டர்” என்றுதான் விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். நீரிழிவைப் பற்றி நான் கிழமையில் இரண்டு நாள் கிளினிக்கில் பேசுகிறேன். இங்கே இருப்பவர்களில் சிலர் அதை ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். சீனியைக் குறைத்தீர்களா என்று இன்று கேட்கமாட்டேன். இன்று பஸ் ஏறுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். லண்டன் என்ற பெரிய நகரத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் டாக்சியிலும் போய்வரப் பழகிய கதை. அதிலும் மருத்துவம் இருக்கிறது. அது எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

என் வகுப்புத் தோழிகளுக்கு நான் எதையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தங்கைமாருக்காகச் சொல்கிறேன். நாங்கள் இங்கே படித்த காலத்தில் ரயில் வவுனியாவோடு நின்றுவிடும். 1990இல் நின்ற யாழ்தேவி அதற்கு அப்பால் போகவே இல்லை. கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டியவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர் இருந்தார்கள். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு வவுனியாவில் தங்குவதற்கே பாஸ். எந்தச் சோதனைச் சாவடியிலும் முதற்கேள்வி “எங்கே போகிறாய்?”, இரண்டாவது கேள்வி “ஏன் போகிறாய்?”. இரண்டுக்கும் விடை ஆயத்தமாக இருக்க வேண்டும். பஸ் நின்றால் பையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடப்பது எங்கள் கால்களுக்குப் பழகிப்போன விடயம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு எனக்கு அனுமதி கிடைத்தபோது ஏ-9 வீதி மூடியிருந்தது. இங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அதற்காக நாங்கள் திருகோணமலைக்குப் போய், அனுமதிக்குக் காத்திருந்து, கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கினோம். 2002இல் வீதி திறந்த பிறகுதான் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மாங்குளம் என்றும் கிளிநொச்சி என்றும் ஊர்கள் இருப்பதைப் பஸ் யன்னலால் பார்த்தோம். 2006இல் மறுபடியும் மூடியது. இதையெல்லாம் துக்கம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தெருவில் எப்படி நடக்கிறார் என்பதற்குள் அவர் வளர்ந்த காலம் இருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

பட்டப்பின் மருத்துவப் படிப்பில் கடைசிப் பகுதி வெளிநாட்டுப் பயிற்சி. அதற்காக 2013 செப்டெம்பரில் லண்டன் போனேன். யாழ்தேவி மறுபடியும் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியதும் அதே மாதம்தான். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த அந்த ரயிலை நான் பார்க்கவில்லை. 150 வருடமாக ஓடிக்கொண்டிருந்த ரயிலின் முன்னால் போய் நின்றேன். உலகத்தின் முதலாவது நிலத்தடி ரயில் லண்டனில் 1863 ஜனவரி 10ஆம் திகதி பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையில் ஓடியது. இன்று அங்கே 11 பாதைகள், 272 நிலையங்கள். நிலத்தடி ரயில் என்று பெயர் இருந்தாலும் பாதியிலும் கூடிய தூரம் நிலத்துக்கு மேலேதான் ஓடுகிறது.

முதல் மூன்று கிழமை நான் எங்கேயும் போகவில்லை. அறையிலிருந்து வைத்தியசாலைக்கு நடை, வைத்தியசாலையிலிருந்து கடைக்கு நடை, அவ்வளவுதான். நான்காவது கிழமை துணிந்து ஒரு பஸ்ஸில் ஏறினேன். நடுக் கதவால் ஏறி, இருக்கையில் இருந்து, காசைக் கையில் பொத்திக்கொண்டு கொண்டக்டர் வரும்வரை காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தபோது “இறக்கம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெடியன் கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டினான். காசு கொடுக்காமல் பயணம் செய்துவிட்டேன் என்று அறைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த நாள் எங்கள் வார்ட்டுத் தாதி ஒருவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் அம்மாமாருக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். முன்கதவால் ஏறவேண்டும். சாரதிக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சள் வட்டத்தில் ஒயிஸ்டர் அட்டையைத் தொடவேண்டும். இறங்கும்போது தொடத் தேவையில்லை. ஆனால் ரயிலில் உள்ளே போகும்போதும் தொடவேண்டும், வெளியே வரும்போதும் தொடவேண்டும். மறந்தால் கூடிய கட்டணம் வெட்டுப்படும். பஸ் வரும்போது கையை நீட்ட வேண்டும், எங்கள் ஊரைப் போலவே. பிரித்தானியாவிலும் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே பஸ் மறுபக்கத்தால் வரும்.

அந்த நேரம் பஸ்ஸில் காசு கொடுத்தால் 2 பவுண் 40 பென்ஸ், அட்டையென்றால் 1 பவுண் 40 பென்ஸ். 2014 ஜூலைக்குப் பிறகு காசு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது வங்கி அட்டையைத் தொட்டாலே போதும். ஒரு எச்சரிக்கை: உள்ளே போகும்போது கைபேசியைத் தொட்டு, வெளியே வரும்போது அட்டையைத் தொட்டால் அது இரண்டு பேராகக் கணக்கில் விழும். எதைத் தொட்டு ஏறினீர்களோ அதையே தொட்டு இறங்குங்கள். எவ்வளவு தூரம் போனாலும் பஸ்ஸுக்கு ஒரே கட்டணம். முதல் பஸ்ஸில் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ் மாறினால் மேலதிகக் காசு இல்லை. ரொறன்ரோவில் அந்த நேரம் இரண்டு மணித்தியாலம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வெட்டுவதில்லை என்ற எல்லையும் லண்டனில் உண்டு. பிழையான பஸ்ஸில் ஏறிய ஏழைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதையின் முக்கியமான ஆளிடம் வருகிறேன். தென் லண்டனில் ரூட்டிங் என்ற இடத்தில் எங்கள் ஆட்கள் நிறைய. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்க அங்கே போவேன். ஒரு நாள் கடையில் ஒரு வயதான அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு “பிள்ளை வவுனியாப் பக்கமோ?” என்றார். பேசிக்கொண்டு போனபோது அவர் 1960களில் இங்கே விடுதியில் நின்று படித்தவர் என்று தெரிந்தது. கட்டையில் ஏறிக் கிணற்றில் தண்ணீர் அள்ளியதையும், இரவுப் படிப்பு வேளையில் நித்திரை தூங்கி அகப்பட்டதையும் கடை வாசலில் நின்றே சொன்னார். வயதுக்கு அன்ரி என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரே பாடசாலை என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். தன் பெயரைப் போடவேண்டாம் என்று அவர் கேட்டதால் இங்கேயும் அக்கா என்றே சொல்கிறேன்.

அக்கா 1999இல் லண்டன் வந்தவர். கணவர் இறந்து மூன்று வருடம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் கோயிலுக்குக் கூட்டிப் போவார். மற்ற ஆறு நாளும் வீடு, நடந்து போகக்கூடிய அந்தக் கடை, அவ்வளவுதான். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தனியாகப் பஸ் ஏறவில்லை. அறுபது வயது கடந்த லண்டன்வாசிகளுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசமாகப் போக ஒரு அட்டை உண்டு. மகன் விண்ணப்பித்து எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த அட்டை அலுமாரிக்குள், சேலைக்குக் கீழே, உறையோடு இருந்தது.

நான் முதலில் ஆங்கிலம் தெரியாத பயம் என்றே நினைத்தேன். அது இல்லை, அக்காவின் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். வழி தெரியாத பயமோ என்றால் அதுவும் இல்லை. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது, சைக்கிளில் சாமானைக் கட்டி உருட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு அக்கராயன் வழியாக மல்லாவி வரை நடந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போக ஏன் பயம்? எனக்கு விடை கிடைத்தது ஒரு பஸ்ஸுக்குள்.

சனிக்கிழமைகளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். ஒரு தரிப்பிடத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் ஏறினார்கள். ரிக்கற் பரிசோதகர்கள். பஸ் நகரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா எழுந்து நிற்கிறார். கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டின் பிரதி, வைத்தியரின் கடிதம், வாடகைப் பத்திரம், இலவச அட்டை என்று ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டு, மற்றக் கையில் மரக்கறிப் பையையும் தூக்கிவிட்டார். “இறங்கோணுமோ பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டார்.

என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். என் கையும் அந்த நேரம் என் பைக்குள் இருந்தது. தேடியது ஒயிஸ்டர் அட்டையை அல்ல. இலங்கைத் தேசிய அடையாள அட்டையை. லண்டனில் அதை ஏன் கொண்டு திரிந்தேன் என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் வாசற்படி தாண்டி எங்களுக்குப் பழக்கமில்லை.

பரிசோதகர் வந்தார். அக்காவின் அடுக்கிலிருந்து இலவச அட்டையை மட்டும் தன் கருவியில் தொட்டுப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. பஸ் வெளிக்கிட்டது. அக்கா இரண்டு தரிப்பிடம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, “இவ்வளவுதானோ?” என்றார்.

வைத்தியர்களாகிய நாங்கள் நோய்க்குக் காரணம் தேடுவோம். அக்காவின் பயத்தின் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வழி தெரியாமல் போவது அவருக்குப் பயமில்லை. வழியில் யாரோ மறித்துக் கேட்பார்கள், சொல்லும் விடை சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் பயம். கணவரோ மகனோ பக்கத்தில் இருந்தால் விடை சொல்ல ஆள் உண்டு. தனியே போனால்? பதினான்கு வருடமும் அவர் லண்டனில் இருந்துகொண்டு ஒரு சாவடிக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறார். உங்கள் வீடுகளிலும் அப்படி ஒரு அம்மா இருக்கலாம். “அவவுக்கு வெளியில போக விருப்பமில்லை” என்று சொல்லிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு அக்கா வேகமாகப் பழகினார். தைப்பூசத்துக்கு முதல் ஹைகேற் முருகனிடம் ரயிலில் போவோம் என்று அவரே கேட்டார். ஹைகேற் வட லண்டனில், ரூட்டிங்கிலிருந்து நகரத்தின் மறு கரை. நிலத்தடி ரயிலின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் படித்தோம். அந்த வரைபடத்தை வரைந்தவர் ஹரி பெக் என்ற வரைவாளர். ரயில் திணைக்களத்தின் சமிக்ஞைப் பிரிவில் வேலை செய்தவர். மின்சுற்று வரைவதுபோல நேர்க்கோடுகளாகவும் சரிகோடுகளாகவும் அவர் போட்ட படம் 1933இல் வெளியானது. எத்தனை மைல் என்பதை அது காட்டாது. எதற்குப் பிறகு எது, எங்கே மாறுவது என்பதை மட்டும் காட்டும். பயணிக்கு வேண்டியது அதுதானே. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம். எங்கள் பாதை நோர்தேர்ன் லைன், நிறம் கறுப்பு. “கறுப்புக் கோட்டை விடாமல் போனால் முருகன்” என்று அக்கா மனப்பாடம் செய்துவிட்டார்.

ஆனால் அந்தக் கறுப்புக் கோடு பொல்லாதது. கெனிங்டனில் இரண்டாகப் பிரியும், கம்டன் டவுனில் ஒன்றுசேரும், உடனே மறுபடி இரண்டாகப் பிரியும். ஒரு கிளை எட்ஜ்வெயருக்கு, மற்றது ஹைகேற் வழியாக ஹை பார்னெற்றுக்கு. அக்காவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: மாங்குளச் சந்தியில் நிற்கிறோம் என்று வையுங்கோ, நேரே போனால் கிளிநொச்சி, வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு. வவுனியா பஸ் நிலையத்தில் “புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி” என்று கொண்டக்டர் கூவுவார் அல்லவா? அங்கே அதையே மேடையில் தொங்கும் பலகை எழுத்தில் கூவுகிறது. எந்த ரயில், எந்த வழி, எத்தனை நிமிடம். அந்தப் பலகையை வாசிக்காமல் ஏறக்கூடாது.

இவ்வளவு படிப்பித்த நான்தான் வாசிக்காமல் ஏறினேன். அதைச் சொல்வதற்கு முன் வழியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கெனிங்டனில் மாறி, எம்பாங்க்மென்ட் நிலையத்தில் ரயில் நின்றது. இடைவெளியைக் கவனியுங்கள் என்று ஒரு ஆண்குரல் சொன்னது. அந்தக் குரலுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் வைத்தியசாலையில் எல்லோரும் பேசிக்கொண்ட கதை. ஒஸ்வால்ட் லோரன்ஸ் என்ற நடிகரின் குரல் அது. 2007இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி மார்கரெற் மக்கொலம், அவரும் ஒரு வைத்தியர், கணவரின் குரலைக் கேட்பதற்காக அந்த மேடைக்கு வந்து இருந்துவிட்டுப் போவாராம். 2012 இறுதியில் ஒலிபரப்பு முறையைப் புதிதாக்கியபோது குரல் மாறிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டதால், 2013இல் அந்த ஒரு மேடையில் மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கட அவற்றை குரல் ஒரு கசற்றிலகூட இல்லைப் பிள்ளை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பேச்சில் கவனம் போய், அந்த ரயில் எட்ஜ்வெயர் போகும் ரயில் என்பதை நான் பார்க்கவில்லை. கம்டன் டவுனில் இறங்கி மாறியிருக்க வேண்டும். கதவு மூடிய பிறகு அடுத்த நிலையம் சோக் பார்ம் என்று அறிவித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அக்கா வரைபடத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “பிழையா வந்திட்டம் போல. இறங்கி மற்றப் பக்கத்தால ஏறுவம்” என்றார். அப்படியே செய்தோம். நிலையத்தை விட்டு வெளியே போகாததால் மேலதிகக் காசும் இல்லை. எங்கள் நட்டம் பத்து நிமிடம்.

பிழையான பாதையில் போனால் பத்து நிமிடத்தில் திரும்பி வரலாம். கேட்க மிகச் சின்ன விடயம். நாங்கள் வளர்ந்த காலத்தில் பிழையான பாதையில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது அக்கா எதற்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

டாக்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பார்க்கப் போன நாள் அக்காவின் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போய்விட்டது. கறுப்பு டாக்சி ஒன்று கூரையில் விளக்கு எரிய வந்தது. விளக்கு எரிந்தால் ஆள் இல்லை, கை நீட்டலாம். மீற்றரில் விழும் காசுதான் கட்டணம், பேரம் இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடியதாகத்தான் எல்லாக் கறுப்பு டாக்சிகளும் இருக்க வேண்டும் என்பது விதி. விலை கூடுதலாதலால் கிட்டிய தூரத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் நல்லது. மற்ற வாடகைக் கார்களை முன்கூட்டிப் பதிவு செய்துதான் ஏறவேண்டும். இரவில் நிலைய வாசலில் வந்து “டாக்சி வேணுமா?” என்று கேட்கிறவரின் காரில் ஏறக்கூடாது. என்னிடமும் ஒருவர் கேட்டார். நான் வெளிச்சமான இடத்துக்குத் திரும்பிப் போய் இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எந்த நகரத்துக்கும் இது பொருந்தும்: வண்டியின் இலக்கத்தைப் பாருங்கள், பதிவு செய்ததோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள், பின் இருக்கையில் இருங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

அந்தக் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள் 1865 முதல் ஒரு பரீட்சை எழுதுகிறார்கள். சாரிங் குரொஸ் என்ற இடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். படித்து முடிக்க மூன்று நான்கு வருடம் எடுக்கும். எங்கள் எம்.பி.பி.எஸ். படிப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு! லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எலினோர் மக்வயர் என்ற விஞ்ஞானி அவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. படிக்கத் தொடங்க முன்பும் தேறிய பின்பும் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. தேறியவர்களின் மூளையில் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. வளர்ந்தவர்களின் மூளையும் பழகப் பழக மாறும் என்பதற்கு இன்றும் நாங்கள் இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறோம். அறுபத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டை மனப்பாடம் செய்த அக்காவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப எனக்கும் கொஞ்சம் வளந்திருக்கும்” என்றார்.

2014 இல் பயிற்சி முடிந்து வெளிக்கிட இரண்டு கிழமை இருக்கும்போது வார்ட்டில் என் கைபேசி அடித்தது. “பிள்ளை, நான் ஹைகேற்றில நிக்கிறன்.” மகனோடா வந்தனீங்கள் என்று கேட்டேன். “இல்லை. தனிய. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

நாங்கள் யாரும் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது “போகிறேன்” என்று சொல்வதில்லை. “போய்விட்டு வருகிறேன்” என்றுதான் சொல்வோம். ஒரு பெண் தனியாக அப்படிச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டு, பொழுதுபட முன் வீடு திரும்ப முடிகிறதா? ஒரு நகரம் நல்ல நகரமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இப்போது அதுதான். கோபுரங்களும் பாலங்களும் அதற்குப் பிறகு.

இந்தக் கதையில் மருத்துவம் எங்கே என்று முதலில் சொன்னேன். நான் இலங்கைக்குத் திரும்பி வன்னியில் கடமையேற்றேன். லண்டன் போவதற்கு முன் நான் பிந்தி வரும் நோயாளர்களை ஏசுகிறவள். “ஏன் பிந்தினீங்கள்? போன மாதம் ஏன் வரவில்லை?” என்று கொப்பியைத் தூக்கிக் காட்டிக் கேட்பேன். ஒரு நாள் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, நான் அப்படிக் கேட்டவுடன் எழுந்து நின்று, பையிலிருந்து அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, கிராம அலுவலரின் கடிதம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்து அடுக்கினார். எனக்கு அந்த லண்டன் பஸ் ஞாபகம் வந்தது. சீருடை போட்ட பரிசோதகர் கேட்காத கேள்விகளை, ஸ்டெதஸ்கோப் போட்ட நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவின் கதை எளிமையானது. காலையில் இரண்டு பஸ் மாறவேண்டும். முதலாவது பிந்தினால் இரண்டாவது போய்விடும். இரத்தம் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்தெடுத்து முடிவதற்குள் திரும்பும் பஸ்ஸும் போய்விடும். பிறகு ஓட்டோ. ஓட்டோவுக்குக் கொடுத்தால் அந்தக் கிழமை மீன் இல்லை. அவர் மாதம் விட்டு மாதம் வந்ததற்கு அதுதான் காரணம். இன்சுலினைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் பஸ் இல்லாத நாளில் அது அவர் உடம்புக்குள் போகாது.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதற்கேள்வி “என்ன பஸ்ஸில வந்தனீங்கள், திரும்ப எத்தனை மணிக்குப் பஸ்?”. எங்கள் கிளினிக் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ், கடைசி பஸ் எப்போது என்று தாதியர்கள் எழுதி வைப்பார்கள். தூரத்தவர்களை முதலில் பார்த்து அனுப்புகிறோம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. தவணைக்கு வராதவர்கள் குறைந்திருக்கிறார்கள்; எங்கள் கொப்பிகளில் அது தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகிறார்கள். அப்படியான பெரிய காரியங்களை அரசாங்கங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு பலகையை நாங்கள் செய்யலாம்.

ஆகவே சங்கத்திடம் எனக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று, நூற்றாண்டு நிதியில் கொஞ்சம் எடுத்து, நமது பாடசாலை வாசலிலும் கிட்டிய வைத்தியசாலைகளின் வாசல்களிலும் பஸ் நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகைகளை வைப்போம். அதன் கீழே வயதானவர்கள் இருக்க ஒரு வாங்கும் நிழலும் போடுவோம். நேரம் மாறும்போது மாற்றி எழுதும் பொறுப்பை மேல் வகுப்பு மாணவிகள் எடுக்கட்டும். இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகளுக்கு. ஊரிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அம்மாவை, மாமியை, ஞாயிற்றுக்கிழமை காரில் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். நான்கு சனிக்கிழமை அவரோடு பஸ்ஸில் போங்கள். ஐந்தாவது சனிக்கிழமை அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். அலுமாரிக்குள் இருக்கும் அட்டையை எடுத்துக் கையில் கொடுங்கள்.

அக்காவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த மலரை அவரும் வாசிப்பார். முழங்கால் எப்படி என்று கேட்டால், ஏறும் படிகளை மட்டும் குறைத்திருக்கிறேன், பயணத்தைக் குறைக்கவில்லை என்கிறார்.

அக்கா, அடுத்த முறை வவுனியாவுக்கு வாருங்கோ. கொழும்பிலிருந்து யாழ்தேவியில் ஏறுங்கோ. இப்போது அது வவுனியாவோடு நிற்பதில்லை. நிலையத்தில் நான் நிற்பேன்.

 நம்மை வாசல் தாண்டி அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை காத்திருந்த இந்தப் பாடசாலைக்கு நன்றி. போய்விட்டு வருகிறேன்.